சுவரில் மாட்டும் எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்: திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

50 அங்குல அகலத்தில் எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், ஹாலில் டிவிக்குக் கீழே மாட்ட நினைக்கிறீர்கள், சுவர் ஜிப்சம் போர்டு, வயர் வெளியே தெரியக்கூடாது, ஆளைக் கூப்பிடாமல் நாமே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியைப் படித்தால் திருகு எங்கே போடுவது என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: சுவர் தாங்குமா, பிளக் பாயின்ட் தாங்குமா, வயரைச் சுவருக்குள் விடலாமா. முதல் கேள்விக்குப் பதில், போர்டுக்குப் பின்னால் அதைத் தாங்கி நிற்கிற மரச் சட்டத்தில் திருகினால் தாங்கும், வெறும் போர்டில் திருகினால் தாங்காது. இரண்டாவதற்கு உங்கள் வீட்டு லைனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், எப்படிப் பார்ப்பது என்று கீழே எழுதுகிறேன். மூன்றாவதற்கு, நீங்கள் மனதில் வைத்திருக்கிற முறையில் கூடாது. வீட்டு மின்வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், இந்த மாதிரிக் கணப்புகளை (ஃபயர்பிளேஸ்களை) மாட்டியும் இருக்கிறேன், மற்றவர்கள் மாட்டியது கெட்டுப்போய்ச் சரிசெய்யவும் போயிருக்கிறேன். கெட்டுப்போன இடங்களில் பெரும்பாலும் கணப்பில் கோளாறு இருக்காது, அதற்குக் கரன்ட் போகிற வழியில்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே போய்விடும். தீ மாதிரித் தெரிவது எல்.இ.டி. வெளிச்சம். பல மாடல்களில் சின்னச் சின்னப் பளபளப்பான தகடுகள் ஒட்டிய ஒரு கம்பியை மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதில் பட்டுச் சிதறுகிற வெளிச்சம் முன்னால் இருக்கிற திரையில் விழுந்து சுடர் ஆடுவது போலக் காட்டும். சூடு வருவது இன்னொரு பகுதியிலிருந்து: ஒரு ஹீட்டர் காயில், அதன் பின்னால் ஒரு சின்ன ஃபேன். இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், சூடு வேண்டாமென்றால் சுடரை மட்டும் ஓடவிடலாம். எதுவும் எரியாததால் புகை கிடையாது, கார்பன் மோனாக்சைடு கிடையாது, புகைபோக்கி தேவையில்லை. இதெல்லாம் நிச்சயம். இதனாலேயே டிவி மாட்டுவது மாதிரிதானே என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். டிவி இழுப்பது 100, 150 வாட், இது ஹீட்டர் போட்டால் 1500 வாட், சில மாடல்கள் 2000 வாட், அதுவும் மணிக்கணக்காக நிற்காமல் இழுக்கும்.

அந்த நிற்காமல் இழுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும்கூட நிறைய இழுக்கும், ஆனால் மிக்ஸி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், அயர்ன் பாக்ஸ் தானாக அணைந்து அணைந்து எரியும். குளிர்கால மாலையில் கணப்பைப் போட்டால் நாலைந்து மணி நேரம் ஓடும், வயருக்கும் சாக்கெட்டுக்கும் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. கணக்கு எளிது, வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 120 வோல்ட் உள்ள நாட்டில் 1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர். 230 வோல்ட் உள்ள நாட்டில் அதே 1500 வாட் ஆறரை ஆம்பியர்தான், 2000 வாட் ஹீட்டராக இருந்தால் 8.7. நீங்கள் இருப்பது 120 வோல்ட் இடமா 230 வோல்ட் இடமா என்று எழுதவில்லை, அதனால் இரண்டையும் சொல்கிறேன். வட அமெரிக்காவில் 15 ஆம்பியர் ப்ரேக்கர் உள்ள லைனில் மணிக்கணக்கில் ஓடுகிற லோடு 80 சதவீதத்தை, அதாவது 12 ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று கணக்கிடுவார்கள். இந்தக் கணப்பு ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. அதே லைனில் டிவி, சவுண்ட் பார், மூலையில் ஒரு விளக்கு என்று இருந்தால் ப்ரேக்கர் விழத்தான் செய்யும். அதனால் புதிதாக இழுப்பதாக இருந்தால் அங்கே 12 கேஜ் (அங்கே வயரின் தடிமனைச் சொல்கிற அளவு) செம்பு வயரில் 20 ஆம்பியர் தனி லைன் போட்டுவிடுவதுதான் என் வழக்கம். 230 வோல்ட் வீட்டில் நிலைமை கொஞ்சம் சுலபம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வருகிற பவர் பாயின்ட் இருந்தால் தாராளமாகப் போதும். ஆனால் விளக்குக்கும் சார்ஜருக்கும் போட்ட சின்ன பாயின்ட்டில் இதைச் செருகக்கூடாது. எந்த நாடானாலும் எர்த் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் கரன்ட் கசிந்தாலே விழுந்து லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.டி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் அந்த லைனில் இருந்தால் இன்னும் நல்லது.

லைன் சரியாக இருந்தாலும் சாக்கெட் பழையதாக இருந்தால் போதாது. நான் பார்த்தவற்றில் அதிகம் கெட்டுப்போன இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாக்கெட்டுக்குள் பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்கிற பித்தளைத் தகடு வருஷக்கணக்கில் செருகிப் பிடுங்கித் தளர்ந்துபோகும். தளர்ந்தால் பின்னும் தகடும் முழுசாகத் தொடாது, ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டால்கூட, 12.5 ஆம்பியர் போகும்போது அங்கே மட்டும் 78 வாட் சூடு உண்டாகிறது. ஒரு பழைய குண்டு பல்பின் மொத்தச் சூடும் சாக்கெட்டுக்குள் கடுகளவு இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரேக்கர் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஆம்பியர் ஏறவில்லை. முதலில் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாக மஞ்சளாகும், அப்புறம் பழுப்பு, அப்புறம் பிளக்கின் பின் கறுத்து, மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்தால் உடனே ப்ரேக்கரை அணைத்துவிட வேண்டும், பிளக்கில் கை வைக்கக் கூடாது. இந்தக் கட்டத்துக்கு வராமல் இருக்க ஒரு சோதனை இருக்கிறது. ஹீட்டரை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. பிடித்துக்கொண்டு பத்து வினாடி இருக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டை மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிளக்கைச் செருகும்போதே ‘டக்’கென்று இறுக்கமாக உட்காராமல் தொளதொளவென்று போனாலும் அதே பதில்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். நல்ல கம்பெனி, கனமான வயர் என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் மேலே சொன்ன மாதிரித் தளரக்கூடிய இன்னும் இரண்டு இணைப்புகளைச் சேர்க்கிறது, அது பெரும்பாலும் சோபாவுக்குப் பின்னாலோ கம்பளத்துக்கு அடியிலோதான் கிடக்கும். போனில் அணைக்கலாமே என்று ஸ்மார்ட் பிளக்கில் செருகுவதையும் தவிர்த்துவிடுங்கள். கணப்புக்கே ரிமோட்டும் டைமரும் இருக்கும்.

இப்போது வயரை மறைப்பது. போர்டில் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை போட்டு, கணப்போடு வந்த வயரை உள்ளே விட்டுக் கீழே இருக்கிற சாக்கெட்டில் செருகுவது என்பது உங்கள் யோசனை. அந்த வயர் திறந்த வெளியில் கிடப்பதற்காகச் செய்தது. சுவருக்குள் போனால் சூடு வெளியேற வழி இல்லை, பஞ்சு மாதிரி இன்சுலேஷன் இருந்தால் இன்னும் மோசம், உள்ளே எலி கடித்தாலோ திருகு குத்தினாலோ கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க மின் விதிகள் இப்படி நெகிழ்வான வயரைச் சுவருக்குள் மறைத்து விடுவதை நேரடியாகவே தடுக்கின்றன, தடையே இல்லாத இடத்திலும் நான் செய்ய மாட்டேன். சரியான வழி இரண்டு. ஒன்று, கணப்பு மாட்டுகிற இடத்துக்குப் பின்னாலேயே உள்வாங்கிய பெட்டியில் ஒரு சாக்கெட் வைப்பது. சுவருக்குள் போகிற வயர் சுவருக்குள் போவதற்கென்றே செய்த வயராக இருக்கும், கணப்பின் வயர் பின்பக்கம் சுருண்டு அந்தச் சாக்கெட்டிலேயே முடிந்துவிடும். இன்னொன்று, மாடல் அனுமதித்தால் பிளக் இல்லாமல் நேரடியாக லைனில் இணைத்துவிடுவது. இரண்டுமே எலக்ட்ரீஷியன் வேலை, உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள், அரை நாளில் முடிந்துவிடக்கூடிய வேலைதான். அதுவும் வேண்டாம், வயர் வெளியே தொங்கக் கூடாது அவ்வளவுதான் என்றால், சுவரோடு ஒட்டுகிற பிளாஸ்டிக் கேசிங் ஒன்றை வாங்கிச் சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள். பார்க்க அவ்வளவு மோசமாக இருக்காது.

சுவருக்கு வருவோம். ஜிப்சம் போர்டு என்பது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சப் பலகை, அதற்கென்று பெரிய பலம் கிடையாது. பலமெல்லாம் பின்னால் நிற்கிற சட்டத்தில். 50 அங்குலக் கணப்பு மாடலைப் பொறுத்து 20 கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் வரை துருத்திக்கொண்டு நிற்பதால் எடை நேர் கீழே மட்டும் இழுக்காது, மேல் திருகுகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும் பார்க்கும். வெறும் போர்டில் திருகைப் பிடித்துக்கொள்ளப் போடுகிற பிளாஸ்டிக் ஆங்கரின் அட்டையில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பி இதை மாட்டாதீர்கள். சட்டங்கள் வழக்கமாக 40 அல்லது 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும், அதாவது 16 அல்லது 24 அங்குலம். கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரை ஒட்டி மெதுவாகக் குறுக்கே நகர்த்துங்கள். போர்டைச் சட்டத்தில் பிடித்திருக்கிற திருகின் தலை வரும் இடத்தில் காந்தம் ‘சட்’டென்று ஒட்டும். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் தேடினால் இன்னும் இரண்டு மூன்று கிடைக்கும், எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தால் அதுதான் சட்டம். சந்தேகமிருந்தால் கணப்பு மறைக்கப்போகிற இடத்தில் மெல்லிய ஆணி ஒன்றை அடித்துப் பாருங்கள், போர்டைத் தாண்டியதும் ‘பொதுக்’கென்று போய்விட்டால் வெற்றிடம், விடாமல் இறுக்கமாகவே போனால் மரம்.

கணப்பைத் தொங்கவிடச் சுவரில் திருகுகிற பிராக்கெட்டில் இருக்கிற ஓட்டையும் சட்டமும் ஒரே இடத்தில் வராமல் போவது சகஜம், அதற்காகக் கணப்பை அரை அடி நகர்த்தி டிவிக்குக் கோணலாக மாட்ட வேண்டியதில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டை ஒன்றைச் சுவரின் மேலேயே குறுக்காக வைத்து, இரண்டு மூன்று சட்டங்களில் நீளத் திருகால் இறுக்கிவிட்டு, பிராக்கெட்டை அந்தப் பிளைவுட்டில் பொருத்துங்கள். கணப்பு கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும், பட்டை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே மரத்துக்குப் பதில் மெல்லிய தகரச் சட்டம் இருந்தால் மரத் திருகு அதில் நிற்காது, பின்னால் விரிந்து பிடிக்கிற டாகிள் போல்ட் வேண்டும், இந்த எடைக்கு அது போதுமா என்பதை நேரில் பார்க்கிற தச்சரிடம் விட்டுவிடுவதுதான் சரி. உங்கள் சுவர் போர்டு என்றாலும், படிக்கிற மற்றவர்களுக்காக: செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் வேலை சுலபம், சுத்தியல் டிரில்லில் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிற தூளை ஊதி எடுத்துவிட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகிற நீளத்தில் ராவல் பிளக் (திருகைப் பிடித்துக்கொள்கிற குழல்) போட வேண்டும், பூச்சில் மட்டும் நிற்கிற பிளக் ஒரு நாள் கழன்றுவிடும். ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் இரண்டுக்கும் அதற்கென்று தனி ஆங்கர் இருக்கிறது.

டிரில்லை எடுப்பதற்கு முன் அந்தச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். சாக்கெட்டுக்கும் சுவிட்சுக்கும் வயர் பெரும்பாலும் நேர் மேலிருந்தோ நேர் கீழிருந்தோ வரும், அதனால் அவற்றின் நேர்கோட்டில் ஓட்டை போடாதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையோ சமையலறையோ இருந்தால் தண்ணீர்க் குழாயும் இருக்கலாம். டிவிக்குப் பின்னால் ஏற்கெனவே பாயின்ட் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் அதற்கான வயர் நீங்கள் கணப்பு மாட்டப்போகிற இடத்தின் வழியாகத்தான் மேலே போகிறது என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்தப் பகுதி ப்ரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்துக் கரன்ட் இல்லை என்று பார்த்த பிறகே ஓட்டை போடுங்கள்.

டிவிக்குக் கீழே மாட்டலாமா என்பது சூடான காற்று எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது. சில மாடல்களில் கண்ணாடிக்குக் கீழே முன்பக்கம் வரும், சிலவற்றில் மேல் விளிம்பில் வரும். கீழே வருகிற மாடல் என்றால் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டு டிவியை மேலே வைக்கலாம். மேல் விளிம்பில் வருவது என்றால் சூடான காற்று மேலே ஏறி நேராக டிவியின் அடிப்பக்கத்தைத்தான் தடவும், அந்த ஜோடி வேண்டாம். இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் என்பதில் இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். உங்கள் பெட்டியோடு வந்த கையேட்டில் இருக்கிற எண் மட்டும்தான் உங்களுக்குப் பொருந்தும். முன்பக்கம் 3 அடிக்குள், அதாவது சுமார் 90 சென்டிமீட்டருக்குள், திரைச்சீலை, சோபா, காய்கிற துணி எதுவும் இருக்கக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லாக் கையேட்டிலும் இருக்கும். டிவி இல்லாத சுவர் என்றால், உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்துக்கு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கணப்பின் நடுப்பகுதி வருவது அழகு. டிவியும் இருந்தால் கணப்பைத்தான் தாழ்த்த வேண்டும், டிவியை உயர்த்தினால் கழுத்து வலிக்கும். தவழுகிற குழந்தை வீட்டில் இருந்தால் ஒன்று கவனியுங்கள், பெரும்பாலான மாடல்களில் கண்ணாடி சுடாது, ஆனால் காற்று வருகிற வாய் நன்றாகவே சுடும், தாழ்வாக மாட்டினால் அது குழந்தையின் கைக்கு நேராக இருக்கும்.

சுவருக்குள் பதித்து முன்பக்கம் சமமாக நிற்கிற மாதிரியும் வைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாடல் அதற்கு ஏற்றது என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும். வெளியே மாட்டுவதற்கென்றே செய்ததைப் பதித்தால் பின்பக்கக் காற்றோட்டம் அடைபட்டு, உள்ளே இருக்கிற அதிக சூட்டுப் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி அணைத்துவிடும். அப்புறம் 50 அங்குலம் பதிக்க நடுவில் இரண்டு மூன்று சட்டங்களை அறுக்க வேண்டி வரும். மேலே இருக்கிற மாடியையோ கூரையையோ தாங்குகிற சுவராக அது இருந்தால், மேலே ஒரு குறுக்கு உத்தரம் கொடுக்காமல் அறுக்கவே கூடாது. தாங்கு சுவரா இல்லையா என்பதைப் புகைப்படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வெளிச்சுவர் என்றால் இன்சுலேஷனையும் வெட்டிக் குளிரை உள்ளே விட்டுக்கொள்வீர்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்றால், முதலில் கணப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் நிறுத்தி வைக்கலாம் என்று கையேடு சொன்னால் அப்படி வைத்து, சுடர், ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு கோளாறு தெரிந்தால் திருப்பி அனுப்புவது பெரும் தொல்லை. முதல் முறை ஹீட்டர் போடும்போது காயிலில் இருக்கிற தூசியும் எண்ணெய்ப் பூச்சும் எரிந்து ஒரு வாடை வரும், ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விட்டால் போய்விடும். அடுத்த அடுத்த முறையும் வாடை குறையாமல் வந்தால் அது புதுசு வாடை இல்லை, நிறுத்திவிடுங்கள். பிறகு சட்டங்களைக் குறித்து, பிராக்கெட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஓட்டைகளைப் பென்சிலால் குறியுங்கள். சுடருக்கு அடியில் நீளமான நேர்கோடு இருப்பதால் ஐந்து மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தினமும் கண்ணில் படும். தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும். மாட்டியதும் அடியில் பூட்டுத் திருகு இருந்தால் அதைப் போட மறக்காதீர்கள், யாராவது தூசி துடைக்கும்போது மேல்நோக்கித் தள்ளினால் கொக்கியிலிருந்து கழன்றுவிடாமல் காப்பது அதுதான்.

இது ஹாலைச் சூடாக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாட்டிய பிறகு ஏமாறாமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன். 1500 வாட் என்பது மணிக்கு சுமார் 5100 பி.டி.யு. (சூட்டை அளக்கிற அலகு). கையால் தூக்குகிற சாதாரண 1500 வாட் ரூம் ஹீட்டரும் அதே அளவுதான் தரும், பெட்டி பெரியது என்பதால் சூடு கூடாது. அறையில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு இதமாக இருக்கும், கதவு மூடினால் நன்றாகவே தெரியும், வீடு முழுவதற்குமான ஹீட்டருக்கு மாற்று ஆகாது. தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 6 யூனிட், மாதத்துக்கு 180. சுடரை மட்டும் ஓட்டினால் செலவு மிகக் குறைவு. ஹீட் பம்ப் வகை ஏசி, அதாவது வெளிக்காற்றிலிருக்கிற சூட்டை உள்ளே கொண்டுவருகிற ஏசி, வீட்டில் இருந்தால் அதே யூனிட்டுக்கு இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை சூடு தரும், அதை ஓட்டிவிட்டு இதைச் சுடருக்காக வைத்துக்கொள்வது செலவில் நல்லது. இன்ஃப்ராரெட் என்பதால் பாதி கரன்ட்டில் அறை சூடாகும் என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள், காயில் எந்த வகையானாலும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் சூடுதான்.

ஆக, நீங்களே செய்யக்கூடியது சட்டம் கண்டுபிடிப்பது, பிளைவுட், பிராக்கெட், தூக்கி மாட்டுவது. எலக்ட்ரீஷியன் வரும்போது அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: டிவி பாயின்ட் எந்த ப்ரேக்கரில் இருக்கிறது, அதே ப்ரேக்கரில் வேறு என்னென்ன ஓடுகிறது, அந்த லைனின் வயர் எத்தனை தடிமன், செம்பா அலுமினியமா. அலுமினியம் என்று சொன்னால் இந்தக் கணப்புக்குப் பழைய லைனைத் தொடவே வேண்டாம், பேனலிலிருந்து புதிதாக ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். அவர் வருகிற அன்றைக்குக் கையேட்டின் மின் இணைப்புப் பக்கத்தையும், கணப்பின் பின்புறம் வாட், வோல்ட் எழுதி ஒட்டியிருக்கிற சீட்டையும் காட்டிவிடுங்கள். சுவரில் மாட்டிவிட்டால் அந்தச் சீட்டைப் பார்க்க முடியாது, இப்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.